பூ போடுகிற மிஷின்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா மகளிடமிருந்து போன்.

"மாமா, நம்ம பழைய மிஷினை எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கோம். அம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "எதுக்கு? அது பாட்டுக்கு ஒரு ஓரமாத்தானே கிடக்குது. உங்களை என்ன பண்ணுச்சு?" என்றேன்.

"இடம் பத்தல மாமா. புது மிஷின் வருது."

நான் வரும்வரை யாரும் அதன்மேல் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமையே ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

ஊர் என்றால் ஆலங்காயம். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால், காவலூர் தெரிந்திருக்கும். ஜவ்வாது மலையில் பெரிய டெலஸ்கோப் வைத்திருக்கிறார்களே, அந்தக் காவலூர். அதைப் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் மலை ஏறுவார்கள். முன்பு வேலூர் மாவட்டம், 2019லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மேலே விஞ்ஞானிகள் வானத்தை அளந்துகொண்டிருப்பார்கள். கீழே எங்கள் ஆட்கள் தோலைச் சதுர அடிக் கணக்கில் அளந்துகொண்டிருப்பார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று அந்த வட்டாரமே தோலில்தான் சோறு தின்கிறது. விடிந்தும் விடியாமலும் சாப்பாட்டுப் பையோடு பெண்கள் ரோட்டோரம் நிற்பதையும், ஷூ கம்பெனி பஸ்களும் வேன்களும் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போவதையும் இன்றைக்கும் பார்க்கலாம்.

நான் சொல்ல வந்தது அந்த மிஷினைப் பற்றி. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். காலால் மிதிக்கிற சிங்கர். கறுப்பு உடம்பு, தங்க நிறத்தில் படம், இரும்புக் கால். எங்கள் மிஷினில் இருந்த படம், சிங்க உடம்பும் மனிதத் தலையும். அது எகிப்து ஸ்பிங்க்ஸ் என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். அதுவரை ஏதோ வெள்ளைக்காரன் சாமி என்று நினைத்து, ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் சிங்கர் கம்பெனிக்கு ஒரு பிரமாண்டமான தொழிற்சாலை இருந்தது. 1885ல் திறந்து 1980ல் மூடினார்கள். அங்கே பிறந்த மிஷின் அது. எத்தனை கை மாறி வந்ததோ, வாணியம்பாடியில் டேனரி வேலையில் இருந்த அப்பா அதை இரண்டாம் விலைக்கு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அம்மாவுக்குத் துணி தைக்க வாங்கியது. அக்காதான் அதைப் பூ போடுகிற மிஷினாக மாற்றினாள்.

'எம்ப்ராய்டரி மிஷின்' என்று தனியாக ஒன்று வேண்டும் என்று நினைக்காதீர்கள். சாதாரண மிஷினிலேயே செய்யலாம். துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைக் கழற்றிவிட வேண்டும். துணியை முன்னால் தள்ளுகிற பல்லின்மேல் ஒரு தகடு வைத்து மூடிவிட வேண்டும். அவ்வளவுதான். அதன் பிறகு துணியை எந்தத் திசையில் நகர்த்துவது என்பது முழுக்க முழுக்க உங்கள் கையில். மரவளையத்தில் துணியைத் தப்பட்டை மாதிரி இழுத்து மாட்டி, கால் ஒரே சீராக மிதிக்க, கை வளையத்தை அசைக்க, ஊசி இருந்த இடத்திலேயே குத்திக் குத்தி எழ, கீழே பூ மலரும். கால் வேகம் கூடி கை மெதுவானால் நூல் குவிந்து முடிச்சு விழும். கை வேகம் கூடினால் ஊசி உடையும். சைக்கிள் ஓட்டிக்கொண்டே கோலம் போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1911லேயே சிங்கர் கம்பெனி இதற்கென்று ஒரு பாடப்புத்தகம் போட்டிருக்கிறது. அக்கா அதையெல்லாம் பார்த்ததில்லை. தையல் டீச்சர் ஒருவர் காட்டிக்கொடுத்தார். மிச்சத்தை மிஷினே கற்றுக்கொடுத்தது.

டிசைனுக்கு டிரேஸ் பேப்பர். கோட்டின்மேல் வரிசையாக ஊசியால் குத்தி ஓட்டை போடுவாள். துணிமேல் அந்தப் பேப்பரை வைத்து, மண்ணெண்ணெயில் கரைத்த நீலத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். அந்தக் குத்துகிற வேலை எனக்கு. ஒரு பேப்பர் குத்தினால் பத்துப் பைசா. இரண்டு கிளிகள், ரோஜா, மயில். தலையணை உறையில் இங்கிலீஷில் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'. யாரிடமோ இரவல் வாங்கிய பேப்பரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்க, எங்கள் தெருவில் பாதிப் பேர் இரண்டு மூன்று வருஷம் தப்பான ஸ்பெல்லிங்கின் மேல்தான் தலைவைத்துத் தூங்கினார்கள். யாரும் புகார் சொல்லவில்லை. கனவு சரியாக வந்திருக்கும்.

காந்திக்கு இயந்திரங்கள் பிடிக்காது என்று நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1924ல் ஜி.ராமச்சந்திரன் என்ற இளைஞர் (பின்னாளில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் கண்டவர்) இதைப் பற்றி அவரிடமே கேட்டார். காந்தி ஒரு விதிவிலக்கு சொன்னார். சிங்கர் தையல் மிஷின்! மனைவி கையால் தைத்து அல்லாடுவதைப் பார்த்து, அவள் மேல் வைத்த அன்பினால் சிங்கர் கண்டுபிடித்தது என்பது அவர் சொன்ன காரணம். அழகான கதை. ஆனால், ஐசக் சிங்கர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் நடத்திய மனிதர். அவருக்கு முன்பே, 1846ல் காப்புரிமை வாங்கிய எலியாஸ் ஹோவின் மனைவிதான் வீட்டுச் செலவுக்காகத் தையல் வேலை பார்த்துக் கஷ்டப்பட்டவர் என்று சொல்வார்கள். 1851ல் காப்புரிமை பெற்ற சிங்கரின் பெயர் நிலைத்ததற்கு மிஷின் மட்டும் காரணமல்ல. 1856 வாக்கில் அந்தக் கம்பெனி ஆரம்பித்த தவணைத் திட்டமும் ஒரு காரணம். முன்பணம் கொடு, மிஷினை எடுத்துப் போ, மிச்சத்தை மாதாமாதம் கட்டு. இன்றைக்கு நாம் கட்டுகிற இ.எம்.ஐ.க்கெல்லாம் அது ஒரு பாட்டன்.

இதையெல்லாம் பின்னாளில் தேடிப் படித்தபோது, ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தையல் மிஷினின் வம்சத்தைத் தோண்டிக்கொண்டே போனால், அடியில் ஒரு செருப்புத் தைக்கிறவர் உட்கார்ந்திருக்கிறார். அதுவும் நம் நாட்டுக்காரர்.

குஜராத்தின் கட்ச், சௌராஷ்டிரா பகுதிகளில் மோச்சி என்று ஒரு சமூகம். தோல் தைப்பது குலத்தொழில். தோலைக் குத்துகிற கொக்கி ஊசிக்கு 'ஆரி' என்று பெயர். அதே கொக்கியைப் பட்டிலும் பருத்தியிலும் இறக்கி, சங்கிலி சங்கிலியாகப் பூ வேலை செய்தார்கள். பதினேழாம் நூற்றாண்டிலேயே குஜராத்தின் சங்கிலித் தையல் துணிகளை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றியிருக்கிறது கிழக்கிந்தியக் கம்பெனி. கொக்கி ஊசி வேலையும் கீழைநாடுகளிலிருந்து போய், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸில் பெரிய ஃபேஷன் ஆனது. துணியை மத்தளம் போல இழுத்துக் கட்டுவதால் 'டாம்பூர்' என்று அங்கே பெயர். இன்றைக்கு நம் கல்யாணப் பெண்கள் ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஜாக்கெட்டில் போட்டுக்கொள்கிற 'ஆரி ஒர்க்' இருக்கிறதே, அதே ஊசிதான்.

பிரான்ஸில் பார்த்தலெமி திமோனியே என்று ஓர் ஏழைத் தையல்காரர். பூ வேலை செய்கிற பெண்களின் கையில் அந்தக் கொக்கி ஊசி ஏறி இறங்குவதைக் கவனித்தார். 'இதை ஏன் ஒரு மிஷின் செய்யக்கூடாது?' 1830ல் காப்புரிமை வாங்கினார். ராணுவத்துக்குச் சீருடை தைக்க, பாரிஸில் எண்பது மிஷின்கள் ஓடின. அடுத்த வருஷமே மற்ற தையல்காரர்கள் கும்பலாகப் புகுந்து அத்தனையையும் உடைத்துப் போட்டார்கள். எங்கள் பிழைப்பு போச்சே என்ற பயம். திமோனியே 1857ல் பரம ஏழையாகச் செத்துப்போனார்.

ஆக, துணி தைக்கவென்று ஓடிய முதல் மிஷின்களில் ஒன்று, பூ போடுகிற ஊசியைப் பார்த்துக் காப்பியடித்தது. பூ வேலைதான் அக்கா, தையல் மிஷின் தங்கை!

அதற்குப் பிறகு குடும்பம் பெருகிவிட்டது. 1860களில் பிரான்ஸில் போனாஸ் என்பவர், கொக்கி ஊசியாலேயே பூ போடுகிற மிஷினை உருவாக்க, கார்னெலி என்பவர் அதை உலகமெல்லாம் விற்றார். காஷ்மீரில் மிஷின் ஆரி வேலை நடப்பது இந்த வம்சத்து மிஷினில்தான். சுவிட்சர்லாந்தில் ஐசக் குரோப்லி 1863ல் தறி சைஸில் ஒரு மிஷின் செய்தார். வரிசையாக நூற்றுக்கணக்கான ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் படகு வடிவத்தில் ஒரு சின்ன ஷட்டில். அவர்கள் பாஷையில் 'ஷிஃப்லி' என்றால் குட்டிப் படகு. அந்த மிஷினின் பெயரே அதுதான். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு மிஷின் ஞாபகம் வந்தது. அதன் அடித்தகட்டை நகர்த்தினால் உள்ளேயும் ஒரு குட்டிப் படகு முன்னும் பின்னும் நீந்திக்கொண்டிருக்கும். மழை நாளில் அதைக் கழற்றித் தண்ணீரில் விட்டு, அக்காவிடம் அடி வாங்கியிருக்கிறேன். இரும்புப் படகு மிதக்கவில்லை.

1988ல் அப்பா படுத்துவிட்டார். எனக்குப் பள்ளிக்கூடம். தலையணை உறைக்கு வருகிற காசில் ஒரு குடும்பம் சாப்பிட முடியாது. அக்கா ஷூ கம்பெனி வேனில் ஏறினாள்.

அது அவள் மட்டும் ஏறிய வேன் அல்ல. அதுவரை எங்கள் பக்கத்துத் தோல், ஆவாரம் பட்டையில் பதமாகி, அரைப் பதத்திலேயே கப்பலேறிக்கொண்டிருந்தது. 1970களில் சீதாராமையா கமிட்டியின் பரிந்துரைக்குப் பிறகு மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. 'தோலாக அனுப்பாதே, பொருளாகச் செய்து அனுப்பு' என்பது கொள்கை. அதனால்தான் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூவின் மேல்பாகம் தைக்கிற கம்பெனிகள் முளைத்தன. டேனரியில் ஆண்கள் கூட்டம் என்றால், இங்கே தைப்பதற்குப் பெண்கள் கூட்டம். டெல்லியில் எழுதிய ஒரு உத்தரவு, ஆலங்காயத்தில் ஒரு பெண்ணை விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பியது.

அங்கே மிஷினின் உருவமே வேறு. மேஜை மட்டத்தில் தைக்க முடியாது. ஒரு கம்பம் மாதிரி நட்டு, அதன் உச்சியில் தையல் நடக்கும். ஷூ வளைவுகளைச் சுற்றிச் சுற்றித் தைப்பதற்காக. கண்ணும் கையும் காலும் சேர்ந்து போகத் தெரிந்தவள் என்பதால், இரண்டே வாரத்தில் அவளை மேலழகுத் தையலில் உட்கார வைத்துவிட்டார்கள். வரிசை வரிசையாக, முடி அளவு இடைவெளியில். தோல் ஊசியின் முனை கூர்மையாக மட்டும் இருக்காது. குட்டிக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு இறங்கும்.

"துணின்னா பிரிச்சுத் தைக்கலாம்டா. ரெண்டு தோவை தோய்ச்சா ஓட்டை மூடிக்கும். தோல்ல ஊசி இறங்கினா இறங்கினதுதான். ஒரு தையல் தப்பினா அந்தப் பீஸே ரிஜெக்ட்" என்பாள். ஒவ்வொரு ரிஜெக்ட்டுக்கும் சூப்பர்வைசர் வாயில் விழுவது என்ன என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

ராத்திரி எட்டு மணிக்கு வேன் கொண்டுவந்து விடும். சொல்யூஷன் வாடை அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் வரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் சிங்கரில் உட்காருவாள். கல்யாண சீசனில் தலையணை உறை ஆர்டர் இருக்கும். எனக்குத் தூக்கம் வருகிற சத்தம் அதுதான்: கடகட, கடகட. அந்தச் சத்தத்தில்தான் ப்ளஸ் டூ முடித்தேன். அந்தச் சத்தத்தில்தான் 1991ல் வேலூரில் கல்லூரி, ஹாஸ்டல் என்று கிளம்பினேன்.

இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கல்லூரிக்குப் போகும்போது அக்கா எனக்கு நாலு சட்டை தைத்துக் கொடுத்தாள். நாலிலும் பாக்கெட்டின் மேல் என் இனிஷியலும் பெயரின் முதல் எழுத்தும், சின்னதாக ஒரு கொடி சுற்றி, நீல நூலில். கம்பெனி முடிந்து வந்து, நாலு ராத்திரி உட்கார்ந்து போட்டது. முதல் வாரமே ஹாஸ்டலில் ஒருத்தன் அதைப் பார்த்து, "என்னடா, சட்டையா தலையணை உறையா?" என்றான். அறையே சிரித்தது. அன்றைக்கு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, பாத்ரூம் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, ஷேவிங் பிளேடால் நாலு சட்டையையும் சுரண்டினேன். அவசரத்தில் ஒன்று கிழிந்தேபோனது. மற்ற மூன்றிலும் நூல் போய்விட்டது, எழுத்து போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இரண்டு எழுத்தும் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தன. நான் சின்ன வயதில் குத்திக் கொடுத்த டிரேஸ் பேப்பர் மாதிரி.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அழுக்குத் துணியோடு அந்தச் சட்டைகளும் போயின. அக்காதான் தோய்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கவனித்திருக்க மாட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்துகொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது புது மிஷின் முதல்நாளே வந்து இறங்கிவிட்டிருந்தது. முன்அறையை அடைத்துக்கொண்டு ஒற்றைத் தலை கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின். ஒரு தலையில் பதினைந்து ஊசி, பதினைந்து கலர் நூல். பாங்க் லோன். தவணை ஐந்து வருஷம். சிங்கர் கம்பெனி ஆரம்பித்து வைத்தது இன்னும் முடியவில்லை!

மருமகள் எனக்குப் பாடமே நடத்தினாள். டிசைனைக் கம்ப்யூட்டரில் தையலாக மாற்றுவதற்குப் 'பஞ்ச் பண்றது' என்று பெயராம். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். ஒரு காலத்தில் ஷிஃப்லி மிஷின்களுக்கு டிசைனை அட்டையிலும் காகிதச் சுருளிலும் ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள். அட்டை போனது, பெயர் தங்கிவிட்டது. 1964ல் ஜப்பானின் தஜிமா கம்பெனி, பல தலைகள் ஒரே டிசைனை ஒரே நேரத்தில் போடுகிற மிஷினைக் கொண்டுவந்தது. 1980ல் ஆஸ்திரேலியாவின் வில்காம், கம்ப்யூட்டர் திரையில் டிசைன் வரைகிற முறையைக் கொண்டுவந்தது. அவள் பென்டிரைவில் இருக்கிற 'டி.எஸ்.டி.' ஃபைல், தஜிமாவின் பாஷை. உலகத்தில் எந்த மூலையில் பூ போடுகிற மிஷினும் ஏறக்குறைய அதைப் புரிந்துகொள்ளும்.

"நானும் ஓட்டை குத்தி டிசைன் பண்ணவன்தான்" என்றேன். "ஒரு பேப்பருக்குப் பத்துப் பைசா."

ஸ்கூல் பேட்ஜ், கம்பெனி டி-ஷர்ட்டில் லோகோ, புர்க்காவுக்குக் கை பார்டர், ஜாக்கெட், ஷூவுக்கு மேலே போடுகிற பூ என்று ஆர்டர் பிடித்து வைத்திருக்கிறாள். அம்மா மாதிரி அவளும் மூன்று வருஷம் கம்பெனி வேனில் ஏறியவள்தான். இந்த லோனை அடைத்துவிட்டால் மறுபடி ஏற வேண்டாம். அடைக்க முடியாவிட்டால்? அந்தக் கேள்வி அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பழைய சிங்கர் திண்ணையில் நின்றுகொண்டிருந்தது. ஸ்பிங்க்ஸின் பாதி முகம் தேய்ந்துபோயிருந்தது. நான் அதைத் தடவிக்கொண்டே, "இதைப் போய் எப்படிக்கா எடைக்குப் போட மனசு வந்துச்சு? நம்ம குடும்பத்துக்கே சோறு போட்ட மிஷின். நான் சென்னைக்கு எடுத்துக்கினு போறேன். ஹால்ல வெச்சா அழகா இருக்கும்" என்றேன்.

அக்கா சிரித்தாள். "உனக்கு இன்னாடா, அது ஞாபகம். எனக்கு அது முட்டி வலி."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"ஹால்ல வெச்சி மேல பூந்தொட்டி வெப்பியா? மூணாவது தெருவுல ஒரு பொண்ணு கீறா. புருசன் வுட்டுட்டுப் போய்ட்டான். கைக்குழந்தைய வெச்சிக்கினு கம்பெனிக்குப் போக முடியாது. நேத்துதான் வந்து கேட்டா. அவளுக்குக் குடுத்துடலாம்னு கீறேன். பெல்ட் மட்டும் புதுசா மாத்தணும். நீ வேணும்னா அந்தக் காசு குடு."

கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மருமகளுக்கு டெஸ்ட் ரன் ஓட்ட வேண்டியிருந்தது. "மாமா, உங்க சட்டையைக் குடுங்க. முதல் போணி நீங்கதான். இனிஷியல் போட்டுத் தரேன்" என்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டைக்கு அடியில் பேப்பர் வைத்து, ஃப்ரேமில் மாட்டி, ஒரு பட்டனைத் தட்டினாள். மிஷின் நிமிடத்துக்கு ஆயிரம் தையல் வரை ஓடுமாம். ஊசி நின்ற இடத்தில் நிற்க, ஃப்ரேம் தானாக அங்குமிங்கும் ஓடியது. அக்காவின் கை செய்த அதே அசைவு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு எழுத்து, நீல நூல்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டையை வாங்கினாள். எழுத்துக்கு எழுத்து தாண்டி வந்திருந்த நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டினாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்து பேப்பரைக் கிழித்தெடுத்தாள். விரலால் ஒருமுறை நீவினாள். பிறகு, சட்டையை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"பிரிக்கிறதா இருந்தா முன்பக்கம் பிளேடு போடாதடா. திருப்பிப் போட்டு, அடி நூலை அறு. மேல் நூல் தானா வந்துடும். துணி கிழியாது."

அக்கா உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்திருந்தது.

சட்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறேன்.